துக்க வீட்டுத் தாடி

முகத்தைப் பார்த்து உள்ளே விடும் துறைமுக முகவாசலில் மஞ்சள் விளக்கு எரிந்ததும், அது தனக்குப் பின்னால் நிற்பவருக்கு என்று நினைத்துப் பால்வண்ணன் ஒதுங்கி வழிவிட்டான். பின்னால் யாரும் இல்லை.

“உமக்குத்தான் அண்ணாச்சி,” என்றார் காவலர் மதலைமுத்து. கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தவர் எழுந்தே வந்துவிட்டார். “என்ன, லாட்டரி எதுவும் விழுந்துட்டா? மூஞ்சி கோழி கொத்துன களம் மாதிரி கெடக்கு!”

“திட்டு எண் பதினொன்று,” என்றது வாசல். “இன்று தூக்கியில் ஏற அனுமதி இல்லை. ஓய்வு எடுத்துக்கொள்ளவும்.”

வாசலின் கண்ணாடியில் பால்வண்ணன் தன் முகத்தைப் பார்த்தான். இடது கன்னத்தில் பழைய ஒரு ரூபாய் அளவுக்கு வெளுத்திருந்தது. மோவாய்க்குக் கீழே இரண்டு இடத்தில் தோல் தெரிந்தது. வலது காதோரம் எறும்பு தின்றதுபோல் பொடிப்பொடியாக ஓட்டைகள். நான்கு வருடத்துக்கு முன்பு, தாடிமை குத்திக்கொள்வதற்கு முன்னால், அவனுடைய சொந்தத் தாடி எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்தின் ஏழாம் தூக்கியை ஓட்டுகிறவன் அவன். நாற்பது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்துக் கரையில் வைக்க வேண்டும். கீழே ஆட்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். மனம் கலங்கியவன் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது விதி. கலங்கியிருக்கிறானா இல்லையா என்பதை அவனிடம் யாரும் கேட்பதில்லை. தாடியைப் பார்த்தால் போதும்.

தாடிமை இதற்காக வந்ததல்ல. தாடி திட்டுத்திட்டாக முளைக்கிற ஆண்கள் கல்யாணத்துக்கு முன்னால் கன்னத்தில் குத்திக்கொண்ட சாயம்தான் அது. முடியின் அடிக்கட்டைபோல ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் புள்ளிகள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் நிறைந்த தாடி. முதலில் வந்த சாயம் காலையிலும் மாலையிலும் ஒரே கறுப்பாக, நாடகத்துக்குப் பூசிய கரிபோல இருந்தது. நிஜத் தாடி காலையில் மெலிந்து மாலையில் அடர்கிறதல்லவா? அதற்காக உயிருள்ள நுண்மணிகளைச் செய்தார்கள். இரத்தத்தில் ஓடுகிற சாறுகளின் ஏற்ற இறக்கத்தை வைத்து அவை பொழுதை அறிந்துகொண்டன. ஆளுக்கு ஆள் இரத்தம் மாறுபடுமாகையால், குத்திய முதல் ஏழு நாளும் அவை அந்த ஆளைப் படித்துக்கொள்ளும். அந்த ஏழு நாளுக்கு அடிநாள் என்று பெயர். அதன்பின் அந்த ஆளின் உடம்பு அடிநாளில் இருந்தபடி இருந்தால் தாடி சீராக நிற்கும். விலகினால் மணிகள் தாளம் தவறித் திட்டு விழும்.

விபத்துக்கு முந்தைய மணி நேரங்களில் ஓட்டுநர்களின் தாடியில் திட்டு விழுவதைப் பேருந்துக்காரர்கள் முதலில் கண்டுபிடித்தார்கள். அப்புறம் ஆலை, ரயில், துறைமுகம். இயற்கையிலேயே காடாகத் தாடி உள்ளவன்கூட மழித்துவிட்டு மை குத்திக்கொண்டுதான் வேலைக்கு வர வேண்டும் என்றாயிற்று.

மதலைமுத்து நிழலில் பெஞ்சைக் காட்டினார். “அரை மணி நேரம் இருந்துட்டு இன்னொரு தடவை காட்டுங்க. வீட்டுல ஏதும் பிரச்சினையா?”

“ஒண்ணுமில்ல.”

நிஜமாகவே ஒன்றுமில்லை. பால்வண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து காலையிலிருந்து நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தான். ஐந்தே காலுக்கு எழுந்தான். தண்ணீர் பிடித்தான். தோசைக்கல்லைப் போட்டான். ஒன்பது வயது மகள் நாச்சியார் கரண்டியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, துறைமுக ஒலிபெருக்கியின் குரலில் அறிவிப்புச் செய்தாள்: “பயணிகள் கவனத்துக்கு. எம்.வி. பால்வண்ணன் என்னும் சரக்குக் கப்பல் அடுப்பங்கரைத் தளத்துக்கு வந்து சேர்ந்துள்ளது. கப்பலின் வயிறு காலியாக உள்ளது. நான்கு தோசை ஏற்றப்படும். சட்னி ஏற்றுவதில் தொழிலாளர் தகராறு.” அவன் வாயிலிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தான். அவள் மிரண்டுபோய்ப் பார்த்தாள். நினைவு தெரிந்து அப்பா சிரித்து அவள் பார்த்ததில்லை. பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள்.

அவ்வளவுதான் நடந்தது.

அரை மணி கழித்துக் காட்டியபோது திட்டு எண் எட்டு. மூன்றுக்குமேல் இருந்தால் அனுமதி இல்லை. அவன் பெயரில் முதல் மஞ்சள் பதிவாயிற்று. ஓராண்டுக்குள் மூன்று மஞ்சள் விழுந்தால் தூக்கியிலிருந்து இறக்கிக் கடலுக்குள் பதினெட்டு மைலில் நிற்கும் மிதவைத் தளத்துக்கு அனுப்புவார்கள். இருபத்தைந்து நாள் கடலில், ஐந்து நாள் கரையில். துறைமுகக் குடியிருப்பில் வீடு கிடையாது. நாச்சியாரைக் கயத்தாற்றில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். மாதத்தில் ஐந்து நாள் அப்பா.

அவனுக்கு மை குத்திய கொம்பையாவின் கடை பழைய மீன் சந்தைக்குப் பின்னால் இருந்தது. கொம்பையா வாயாடி. உருப்பெருக்கியை அவன் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு பேசினார்.

“மூஞ்சிய ஆட்டாதீய. மணியெல்லாம் உசுரோடதான் இருக்கு. புதுசா மாத்திரை ஏதும் திங்கீயளா?”

“இல்ல.”

“யாரு கூடயும் சண்டை?”

“வீட்டுல நானும் புள்ளையும்தான். சண்டைக்கு ஆள் ஏது? காலையில சிரிச்சேன். வேற ஒண்ணும் செய்யல.”

உருப்பெருக்கி கன்னத்தைவிட்டு இறங்கியது.

“சிரிச்சீயளா?”

“புள்ள ஒரு கூத்துக் காட்டுனா. அதுக்குச் சிரிச்சேன்.”

கொம்பையா எழுந்துபோய்ப் பதிவுப் பலகையை எடுத்து வந்தார். விரலால் தள்ளித் தள்ளி நான்கு வருடம் பின்னால் போனார். “பங்குனி பத்தொம்போது குத்தியிருக்கு. அடிநாள், பத்தொம்போதுல இருந்து இருவத்தஞ்சு. மதினி போனது எப்போ?”

“பங்குனி பத்து.”

“அந்த வாரம் எப்படி இருந்தீய? அழுதீயளா?”

பால்வண்ணன் யோசித்தான். “அழல. நாற்காலியில உக்காந்திருந்தேன். யாராவது காப்பி குடுத்தா குடிச்சேன். எந்திரிங்கன்னா எந்திரிச்சேன்.”

“மரத்துப் போயி.”

“அப்படித்தான்.”

கொம்பையா பலகையைக் கவிழ்த்து வைத்தார். பேச ஆரம்பித்தபோது குரல் தாழ்ந்திருந்தது. “அண்ணாச்சி, மை குத்தணும்னா பத்து நாள் தாடிய மழிக்காம வளக்கணும். எங்க முளைக்கி, எங்க முளைக்கலன்னு தெரிஞ்சாத்தானே புள்ளி வைக்க முடியும்? பத்து நாள் சவரம் பண்ணாம எவன் வேலைக்கு வருவான்? மேலதிகாரி விடுவானா, பொண்டாட்டி விடுவாளா? ஆனா துக்க வீட்டுல கேக்க ஆளில்ல. பதினாறு வரைக்கும் தாடி தானா வளரும். வேலைக்கும் லீவு. எப்படியும் துறைமுகம் குத்துன்னு சொல்லியாச்சு. வளந்த தாடிய ஏன் வீணாக்கணும்னு எல்லாரும் பத்தாம் நாளு என்னையக் கூப்பிட்டாவ. நானே பலகை எழுதிப் போட்டேன்லா, துக்க வீட்டாருக்கு வீட்டுக்கே வந்து குத்தித் தரப்படும்னு.”

“ஆமா. அதப் பாத்துத்தான் எங்க மச்சான் உம்மக் கூப்பிட்டான்.”

“அதான் சங்கதி. இந்த மைய உண்டாக்குனவன் சீமையில உக்காந்துகிட்டு, எல்லாவனும் சும்மா ஒரு சாதாரண வாரத்துல வந்து குத்திக்கிடுவான்னு நெனைச்சிருப்பான். நம்ம ஊருல பத்து நாள் தாடி வளத்தவன்னா அவன் எப்படிப்பட்டவன்னு அவனுக்குத் தெரியுமா? மரத்துப் போன அந்த வாரம்தான் உம்ம தாடிக்கு நீரு. நாலு வருசமா அப்படியே இருந்தீரு. தாடியும் அப்படியே நின்னுச்சு. இன்னைக்குச் சிரிச்சீரு. இது யாரோ வேத்தாளுன்னு நெனைச்சுட்டு.”

“இது உமக்கு எப்பத் தெரியும்?”

“ஒரு வருசமாத் தெரியும்.”

கொம்பையா அவன் முகத்தைப் பார்க்காமல் ஊசியைத் துடைத்தார். துறைமுகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அவர் குத்தியிருக்கிறார். இருநூற்று நாற்பது பேர் துக்க வீட்டார். மறுபடி கல்யாணம் செய்துகொண்டவர்கள், பேரப்பிள்ளை பிறந்தவர்கள், சும்மா காலப்போக்கில் தேறி வந்தவர்கள் என ஒவ்வொருவராக மஞ்சள் வாங்கி மிதவைத் தளத்துக்குப் போய்விட்டார்கள். தூக்கிகளில் மிச்சம் இருப்பது தேறாதவர்கள்.

“அடிநாளை மாத்த முடியாதா?”

“முடியும். பழசை அழிச்சுட்டுப் புதுசாக் குத்தலாம். துறைமுகத்துல அதுக்குக் கள்ளத்தாடின்னு பேரு. அன்னைக்கே வேலை போயிரும்.” பிறகு, யாருக்கோ மருந்து சொல்வதுபோல, “வாசலுக்குப் போறதுக்கு முன்னால ஒரு அஞ்சு நிமிசம் மதினிய நெனைச்சுக்கிடுங்க. வேற வழி இல்ல,” என்றார்.

மனைவி உலகம்மையின் குரல் அவன் கைப்பேசியில் இருந்தது. அவள் கடைசியாக அனுப்பியது, பதின்மூன்று நொடி. இந்த நான்கு வருடத்தில் அவன் அதைத் திறந்ததில்லை. மறுநாள் காலை வரிசையில் நின்றுகொண்டு காதில் வைத்துக் கேட்டான்.

“ஏங்க, வரும்போது மாவு வாங்கிட்டு வந்திருங்க. அரைக்க முடியல. என்னமோ நெஞ்சக் கரிக்கி. புள்ள உறங்கிட்டா. மெதுவாவே வாங்க, அவசரமில்ல.”

அன்று அவன் மெதுவாகத்தான் போனான். இரண்டு கடையில் நின்று மாவு விலை விசாரித்து, நண்பன் ஒருவனோடு டீ குடித்துவிட்டுப் போனான்.

உள்ளே ஏதோ கதவு சாத்திக்கொண்டது. கை கால்கள் தூரத்தில் இருப்பதுபோல் இருந்தன. வாசல் பச்சை காட்டியது. திட்டு எண் ஒன்று.

அப்போதுதான் அவன் வரிசையைப் பார்த்தான். இத்தனை வருடமாக முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்த்திருந்தான். மூன்றாம் தூக்கிக்காரர் கைக்குட்டைபோல மடித்த சேலைத் துண்டொன்றை மூக்கருகே வைத்திருந்தார். அவருக்கு அடுத்தவர் மிட்டாய் டப்பாவைத் திறந்து உள்ளே இருந்த ஒற்றைக் கொலுசைப் பார்த்துவிட்டு மூடினார். பெரிய உடம்புக்காரன் ஒருவன் ஆஸ்பத்திரிச் சீட்டை விரித்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான். மடிப்பில் அது நாலாகக் கிழிந்து பசை ஒட்டப்பட்டிருந்தது. ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. எல்லார் தாடியும் அடர்ந்து, ஒரு புள்ளி குறையாமல், கல்யாண மாப்பிள்ளைத் தாடிபோல இருந்தது.

நாற்பது நாள் அந்தப் பதின்மூன்று நொடி வேலை செய்தது. நாற்பத்தோராம் நாள் கேட்கையில், உலகம்மையின் பேச்சுக்குப் பின்னால் குழாய் சொட்டுவது அவன் காதில் விழுந்தது. நாற்பத்திரண்டாம் நாள் சொட்டுகளை எண்ணினான், ஆறு. அடுத்த நாள், மாவு என்ற சொல்லுக்கு முன்னால் தெருவில் ஒரு வண்டி ஒலியெழுப்பியதைக் கவனித்தான். குரல் வந்தது, போயிற்று. அவனுக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை; பசித்தது, வெயில் அடித்தது, மாலையில் நாச்சியாருக்கு வரைபடத் தாள் வாங்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. சாதாரணமாக இருந்தான். அதற்கே திட்டு எண் ஏழு.

இரண்டாவது மஞ்சள்.

“பாத்து அண்ணாச்சி,” என்றார் மதலைமுத்து. அன்று அவர் கேலி பேசவில்லை.

அன்று மாலை நாச்சியாரை எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். மை என்ன செய்கிறது, வாசல் என்ன பார்க்கிறது, மூன்றாவது மஞ்சள் விழுந்தால் யார் யார் எங்கே போக வேண்டும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்ப நான் சிரிக்க வச்சதுனாலதான் மஞ்சளா?”

“உன் மேல தப்பு இல்லட்டி. மை அப்படி.”

“காலையில மட்டும் சும்மா இருந்தாப் போதுமா?”

“போதும்.”

“சாயங்காலம்?”

இதையும் அவன் கொம்பையாவிடம் கேட்டிருந்தான். இரத்தத்தில் ஏறியது வடிவதற்குப் பதினான்கு மணி நேரம் ஆகும். “சாயங்காலமும் கொஞ்சம் பாத்துக்கிடணும் தாயி,” என்றான்.

அவள் கணக்குப் போடுவதுபோல் மேலே பார்த்தாள். “ஞாயித்துக்கெழமை?”

“திங்கக்கெழமை வேலை இருக்கே.”

“சரிப்பா,” என்றாள். “நான் கயத்தாறுக்குப் போக மாட்டேன். நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் சொன்னபடி பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலை கரண்டி தன் வேலையை மட்டும் செய்தது. அவள் தட்டை வைத்தாள், தோசையை வைத்தாள், “சாப்பிடுங்க” என்றாள். எதிரே உட்கார்ந்து தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். சன்னல் விளிம்பில் பூனை ஒன்று ஏறப்பார்த்து வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தது. அவள் உதடு ஒரு தரம் துடித்தது, கடித்து நிறுத்திக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தான்.

வாசலில் அன்று பேசியை எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. நினைவு வருவதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

“திட்டு இல்லை,” என்றது வாசல்.

“சுழியம்!” என்று கூண்டிலிருந்து கத்தினார் மதலைமுத்து. “பூசி மொழுகுன மாதிரி இருக்கு அண்ணாச்சி! என்ன மாயம் பண்ணுனீய?”

அதற்கு மறுநாளும் சுழியம். அந்த மாதம் முழுவதும் சுழியம். துறைமுக மேலாளர் அவனை அழைத்துக் கைகுலுக்கினார். புதிதாக வந்த நான்கு பேரை அவனோடு நிறுத்தி, தாடி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டினார். வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. உதடு துடிப்பதும் நின்றுவிட்டது. பள்ளியிலிருந்து வந்த அறிக்கையில், வகுப்பிலேயே அமைதியான மாணவி என்று எழுதியிருந்தார்கள். அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினான்.

ஆடி பிறந்ததும் பள்ளியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பத்து வயதைத் தொடும் பிள்ளைகளுக்கு வரும் திங்கட்கிழமை புருவத்தில் மை குத்தப்படும். தேர்வுக்கூடத்துக்கும் பள்ளிப் பேருந்துக்கும் முகவாசல் வருவதால் இது கட்டாயம். குத்திய நாளிலிருந்து ஏழு நாள் அடிநாள். பெற்றோர் ஒத்துழைக்கவும்.

பால்வண்ணன் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தான். ஒரு ஆறு மாதம் கழித்துக் குத்தலாமா என்று கேட்டான்.

“ஏன் சார்? இப்பதான் நல்ல நேரம்,” என்றார் அவர். “போன வருசம் இவ வகுப்புல ஒரே கூத்து. இப்ப எவ்வளவு சீரா இருக்கா! இதுல அடிநாள் எடுத்தா இவளுக்குத்தானே நல்லது?”

பள்ளிக்கு மை குத்த ஒப்பந்தம் எடுத்திருந்தவர் கொம்பையாதான். ஞாயிறு மாலை பால்வண்ணன் அவர் கடைக்குப் போனான். கொம்பையா அவனை எதிர்பார்த்ததுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உம்ம மவ பேரு பட்டியல்ல பாத்தேன்,” என்றார்.

“இப்ப இருக்கிற மாதிரியே இருந்தா?”

“இப்படியேதான் அவளைப் படிச்சுக்கிடும். நாளைக்கு அவ ஒரு கூட்டாளியோட சிரிச்சாலும் மஞ்ச. ஒருத்தன் மேல பிரியப்பட்டாலும் மஞ்ச.”

“நீரு கொஞ்சம் தப்பாக் குத்தக் கூடாதா?”

“குத்தலாம். மறுநாளு என்னையத் தூக்கிட்டு வேற ஒருத்தன வச்சுச் சரியாக் குத்துவாவ.” கொம்பையா தன் மோவாயைத் தேய்த்தார். அவருடைய தாடி எந்த வாசலுக்கும் கட்டுப்படாதது. நரைத்துத் திட்டுத்திட்டாக, சொந்தமாக முளைத்தது. “ஏழு நாள் இருக்கில்லா? அந்த ஏழு நாளும் அவளச் சிரிக்க வையும். எடக்குப் பண்ணட்டும், அழட்டும், அடம் பிடிக்கட்டும். மை எல்லாத்தையும் படிச்சுக்கிடும்.”

“சிரிக்க வச்சா நானும் சிரிப்பேனே.”

“ஆமா.”

“ஒரு மஞ்சதான் பாக்கி எனக்கு.”

“ஆமா அண்ணாச்சி. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.”

வீட்டுக்கு நடந்து வருகையில் பால்வண்ணன் தீர்மானித்துவிட்டான். மஞ்சள் விழட்டும். மிதவைத் தளத்துக்குப் போகலாம். மாதத்தில் ஐந்து நாள்தான் பார்க்க முடியும், ஆனால் அந்த ஐந்து நாளில் அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்திருக்கும். கயத்தாற்றில் அக்காவுக்குப் பேசினான். அக்கா எதற்கு என்று கேட்கவில்லை; பிள்ளைக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது என்றாள்.

திங்கட்கிழமை பள்ளியில் நாச்சியாருக்குப் புருவத்தில் மை குத்தினார்கள். கறுப்பாக, வில்போல, அழகாக இருந்தது. வலித்ததா என்று கேட்டான். இல்லை என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு முன்பே எழுந்து அவன் தோசை சுட்டான். முதல் தோசையை வேண்டுமென்றே கரியவிட்டான். அவள் முகம் கழுவி வந்து உட்கார்ந்ததும், அந்தத் தோசையை நடுவே கிழித்து, பிறைபோல ஆக்கி, தன் மோவாயில் ஒட்டிக் காதோடு காதாகப் பிடித்துக்கொண்டான். எண்ணெய் கழுத்தில் வழிந்தது. வயிற்றை முன்னால் தள்ளி மேலாளரைப்போல நடந்தான். “யாரங்கே!” என்றான். “இந்தத் தாடியில் ஒரு ஓட்டை இருக்கிறதாமே! யார் கடித்தது? நீயா? நீயா?” என்று உப்பு ஜாடியையும் தண்ணீர்ச் செம்பையும் விசாரித்தான். தோசைத் தாடியின் ஒரு நுனியைக் கடித்து, கண்ணை உருட்டி, “ஆகா, என் தாடிக்கு உப்புக் குறைவு!” என்றான்.

தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. நிறுத்தாமல் இன்னொரு சுற்று நடந்தான். செம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். தண்ணீர் முகமெல்லாம் ஓடியது.

நாச்சியார் எழுந்து வந்தாள். அவள் புருவத்தில் ஒரு புள்ளி அசையவில்லை. அவன் தலையிலிருந்து செம்பை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் கையிலிருந்து தோசையை வாங்கித் தட்டில் போட்டாள். துண்டின் நுனியால், தேய்க்காமல் ஒற்றி ஒற்றி, அவன் கன்னத்து எண்ணெயைத் துடைத்தாள்.

“வேண்டாம்ப்பா,” என்றாள். “மஞ்சள் விழுந்திரும்.”

“விழட்டும் தாயி. பரவாயில்ல. நீ சிரி.”

“நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன்லா? எனக்கு இப்ப நல்லா வந்திருச்சு. கஷ்டமே இல்ல.” துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். “சாப்பிடுங்க. நேரமாகுது.”

அவன் சாப்பிட்டான்.

வாசலில் அவன் முகத்தைக் காட்டியதும் பச்சை விழுந்தது. மதலைமுத்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்த வாசலில் அவன் சுழியம் வாங்குவது இப்போது செய்தியல்ல.

பதினோரு மணிக்கு அவன் ஏழாம் தூக்கியின் கண்ணாடி அறையில் இருந்தபோது, பள்ளியிலிருந்து பேசிக்குக் குறிப்பு வந்தது. ‘நாச்சியார் பா. — அடிநாள் ஒன்று முடிந்தது. பதிவு மிகச் சீராக உள்ளது. பெற்றோரின் ஒத்துழைப்புக்கு நன்றி. இன்னும் ஆறு நாள் இப்படியே இருந்தால் போதுமானது.’

அவன் அதை இரண்டு முறை படித்தான். கீழே கொடி அசைத்தார்கள். கொக்கியை இறக்கி, அடுத்த பெட்டியை எடுத்தான். நாற்பது டன்; காற்றில் ஒரு விரற்கடைகூட ஆடாமல் மேலே வந்தது.